‘இதுல ஓடாதுங்க’ என்று சொல்ல மலையேறினேன்

போன மாதம், என்னோடு முன்பு வேலை பார்த்த ஒருவரின் மகள் சுகன்யா பெங்களூரிலிருந்து போன் செய்தாள். அவளுடைய கம்பெனி ஒரு பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் தங்கள் சாஃப்ட்வேரை இனிமேல் ஆதரிப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டதாம். அதை வாடிக்கையாளர்களுக்கு இதமாக நாலு வரியில் எழுதித் தரும் வேலை இவள் தலையில் விழுந்திருக்கிறது. "ஆன்ட்டி, உங்க காலத்துல இதை எப்படி எழுதுவீங்க?" என்றாள்.

"எழுத மாட்டோம். நேர்ல போய்ச் சொல்லுவோம்."

"ஒவ்வொருத்தர்கிட்டயுமா?"

"ஒவ்வொருத்தர்கிட்டயும்."

சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் எப்படியோ எழுதி அனுப்பியிருப்பாள். நான் அவளுக்குச் சொல்ல நினைத்தது போனில் அடங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் ஏற்காட்டில் பிறந்தவள். அப்பா ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். மிஷன் பள்ளிக்கூடம், சேலத்தில் கணிதப் பட்டம், அதன் மேல் ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமோ. டிப்ளமோவில் படித்ததில் முக்கால்வாசி, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எதற்கும் உதவாமல் போனது. எண்பதுகளின் கடைசியில் அஸ்தம்பட்டியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்த சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். எங்கள் சரக்கு ஒன்றே ஒன்றுதான், ஆஸ்பத்திரிகளுக்கான சாஃப்ட்வேர். நோயாளியின் பெயரைப் பதிந்து, நம்பர் கொடுத்து, சீட்டு அச்சடித்து, அவர் முன்பு வந்தபோது என்ன வைத்தியம் நடந்தது என்று எடுத்துக் காட்டும். அது டாஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடியது. கருப்புத் திரை, பச்சை எழுத்து.

ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் என்ன என்று அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக விளக்கியிருக்கிறேன். கம்ப்யூட்டருக்கு அடிப்படையாக ஓடும் புரோகிராம் அது. எங்கள் சாஃப்ட்வேர் அதில் வாடகைக்குக் குடியிருப்பது மாதிரி. தண்ணீர் எப்போது வரும், கதவை எப்போது பூட்டுவார்கள் என்பதெல்லாம் வீட்டுக்காரர் இஷ்டம். வீடு மாறினால் சட்டி பானையை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் போதாது, அடுப்பைப் புதிதாகப் போட வேண்டும்.

கம்பெனியின் முதலாளியும் எங்கள் மேலதிகாரியும் ஒருவரே, கந்தசாமி சார். கரண்ட் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். அதனாலோ என்னவோ, கரண்ட் மேல் அவருக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. சாஃப்ட்வேரில் ஒரு சின்ன மாற்றம் செய்தாலும் அவர் வைக்கும் பரீட்சையில் தேறாமல் வெளியே போகாது. அதற்குப் பிடுங்கல் என்று பெயர். ஒருவர் கீபோர்டில் உட்கார்ந்து நோயாளியின் பெயரைச் சேமிப்பார். இன்னொருவர் சுவரோரம் குந்தியிருந்து, சேமிக்கும் அதே நொடியில் பிளக்கைப் பிடுங்குவார். பிறகு மெஷினைத் திரும்பக் கிளப்பிப் பார்க்க வேண்டும்.

"கடைசியாப் போட்ட பேரு போச்சுன்னா போகட்டும்மா. ஆளு எதுத்தாப்புலதான் நிக்கறாரு, மறுக்கா கேட்டுக்கலாம். அதுக்கு முந்தின பேரு கெட்டுப்போச்சுதா பாரு. அவரு ஊட்டுக்குப் போயிட்டாரு. அவரத்தான் நாம காபந்து பண்ணோணும்" என்பார். ஒரு நாள் முழுக்கக்கூடப் பிடுங்கிக்கொண்டே இருந்திருக்கிறோம். யுபிஎஸ் இருக்கிறதே என்று யாராவது கேட்டால் அவருக்குக் கோபம் வரும். பாதி ஆஸ்பத்திரிகளில் அதன் பேட்டரி செத்திருக்கும், மீதியில் டாக்டரின் ஃபேனை அதில் மாட்டியிருப்பார்கள் என்பார். அவர் சொன்னது உண்மைதான்.

அவருடைய இன்னொரு வழக்கம், மாட்டோம் என்பதை நேரில் போய்ச் சொல்வது. முதல் தடவை நான் அவரோடு போனது எங்கள் மலைக்குத்தான். ஒரு பெரிய எஸ்டேட்டுக்கு அவர்களுடைய தலைமை ஆபீஸ் விலை உயர்ந்த மெஷின் ஒன்றை அனுப்பியிருந்தது. டாஸ் அல்ல, பல பேர் ஒரே சமயத்தில் வேலை செய்யக்கூடிய யூனிக்ஸ் வகை சிஸ்டம். எஸ்டேட் தொழிலாளர்களுக்கான டிஸ்பென்சரியில் எங்கள் சாஃப்ட்வேரை இதில் போட்டுக் கொடுங்கள் என்று மானேஜர் கேட்டார். நான் ஆசை ஆசையாக அதற்காக மாற்றி எழுதினேன். ஓடவும் ஓடியது. மானேஜர் கேக் வரவழைத்தார்.

கந்தசாமி சார் கேக்கைத் தொடவில்லை. என்னைப் பெயர் ஒன்றைச் சேமிக்கச் சொல்லிவிட்டு, சுவரோரம் போய்க் குந்தி, மானேஜர் என்ன ஏது என்று கேட்பதற்குள் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

"ஏனுங்க, என்னங்க பண்றீங்க! அது என்ன வெல தெரியுங்களா?" என்று மானேஜர் எழுந்து நின்றுவிட்டார்.

"மன்னிச்சுக்கோங்க. உங்க மலையில மழை பேஞ்சு இடிக்கறப்ப கரண்ட் இப்பிடித்தானுங்க போகும். சொல்லிட்டுங்களா போகும்?"

மெஷின் திரும்ப எழ வெகு நேரம் எடுத்தது. எழுந்தபோது கடைசிப் பெயரோடு முந்தைய பெயர்களிலும் பல சிதைந்திருந்தன. அந்தச் சிஸ்டம், வேகத்துக்காக, சேமிக்கச் சொன்னதை உடனே டிஸ்கில் எழுதாது. கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருந்து மொத்தமாக எழுதும். கரண்ட் ஒழுங்காக வரும் ஊருக்கு அது நல்ல ஏற்பாடுதான். கந்தசாமி சார் அதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லி, "இதுல ஓடும். ஆனா இதுல ஓடும்னு நாங்க சொல்ல மாட்டோமுங்க" என்று முடித்தார்.

பஸ்ஸில் மலை இறங்கும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஓடுகிற ஒன்றை ஓடாது என்பானேன் என்று கேட்டேன். "ஓடறது வேற, நாம பொறுப்பேத்துக்கறது வேறம்மா. ஓடுதுன்னு இன்னிக்குச் சொல்லிட்டு வந்தா, நாளைக்கு ஒவ்வொரு தடவையும் நீதான் மல ஏறோணும். இதே சிஸ்டம் வெச்சிருக்கறவங்க சுத்துவட்டாரத்துல எத்தன பேரு? இவரு ஒருத்தரு. ஒருத்தருக்காக ரெண்டு அடுப்பு எரிச்சா, ரெண்டுமே சரியா எரியாது" என்றார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பதைத்தான் மனிதர் இவ்வளவு நீட்டிச் சொல்கிறார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இனி ஞானராஜ்.

ஏற்காட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி எங்களிடம் சாஃப்ட்வேர் வாங்கியிருந்தது. பெயர் வேண்டாம். அங்கே நோயாளிகளைப் பதியும் இடத்தில் வேலை பார்த்தவர் ஞானராஜ், கிளியூர்க்காரர். குழந்தையாக இருந்தபோது அம்மை போட்டுப் பார்வை போய்விட்டது. பார்வையற்றோர் பள்ளியில் தட்டச்சுப் படித்தவரை, ஆஸ்பத்திரி நிர்வாகி சிஸ்டர் பெனிட்டா பிடிவாதமாக வேலைக்கு எடுத்திருந்தார். வெளிநாட்டு நன்கொடையாளர்கள் அனுப்பிய ஒரு பேசும் பெட்டி அவருடைய கம்ப்யூட்டரோடு ஒயரால் இணைந்திருக்கும். திரையில் என்ன எழுத்து வந்தாலும் பெட்டி அதை வாசிக்கும். ஆங்கிலம்தான், மூக்கடைத்த குரல். ஞானராஜ் அதன் வேகத்தை முழுதாகக் கூட்டி வைத்திருப்பார். நமக்கு வண்டு ரீங்காரம் மாதிரிக் கேட்பது அவருக்குப் பெயர், வயது, ஊர், போன தடவை பார்த்த டாக்டர் என்று பிரிந்து கேட்கும்.

கரடியூர்ப் பக்கத்திலிருந்து வரும் பெரியவர்கள் பெட்டியைக் குனிந்து பார்ப்பார்கள். "ஏனுங்க, உள்ள யாருங்க முனகறது?"

"நம்ம ஆளுதானுங்க. சம்பளமில்லாத வேல, அதான் முனகறான்" என்பார் ஞானராஜ்.

அவர் வேலையில் சேர்ந்த பிறகு அவருக்குக் கல்யாணம் ஆனது. ஒரு பெண் குழந்தை பிறந்தது. கிளியூரில் அவர் வீட்டில் மாதச் சம்பளக்காரர் அவர் ஒருவர்தான். அண்ணன் தம்பி எல்லோரும் தோட்டத்துக் கூலிதான். பேசும் பெட்டி ஒரு நாள் ரிப்பேரானாலும் அவர் குரலில் பயம் தெரியும். எனக்குப் போன் வரும். பல தடவை பெட்டியில் கோளாறு ஒன்றும் இருக்காது. மலை ஈரத்தில் ஃப்ளாப்பி பூஞ்சை பிடித்திருக்கும், மாற்றிக் கொடுத்துவிட்டு அவரோடு டீ குடித்துவிட்டு வருவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எல்லாம் மாறியது. புதிய மெஷின்கள் விண்டோஸோடு வந்தன. புதிய பிரிண்டர்கள் டாஸைக் கண்டுகொள்ளவில்லை. சாஃப்ட்வேரில் ஒரு திருத்தம் என்றால் இரண்டு இடத்தில் எழுதி, இரண்டு இடத்தில் பிடுங்கிப் பார்க்க வேண்டியிருந்தது. டாஸ் தெரிந்த பையன்கள் நல்ல சம்பளத்துக்குச் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கந்தசாமி சார் எல்லோரையும் உட்கார வைத்து, இனி விண்டோஸ் மட்டும்தான் என்று அறிவித்தார். அதே சமயத்தில் மிஷன் ஆஸ்பத்திரிக்கும் புதிய கம்ப்யூட்டர்கள் நன்கொடையாக வந்தன. பதிவு, ஆய்வகம், மருந்தகம் எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துக் கொடுங்கள் என்று டாக்டர்கள் கேட்டார்கள். நியாயமான ஆசை. ஆய்வக முடிவைத் தேடி நோயாளி அந்த மேட்டில் ஏறி இறங்க வேண்டியதில்லை.

ஆனால் புதிய திரையில் ஞானராஜின் பெட்டி ஊமையாகிவிட்டது. டாஸ் திரையில் இருந்தவை எழுத்துக்கள். பெட்டியால் அவற்றை எடுத்து வாசிக்க முடிந்தது. விண்டோஸ் எழுத்தைக்கூடப் படமாக வரைகிறது. படத்தில் வாசிக்க அதற்கு ஒன்றுமில்லை. பெட்டி செய்த வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். மரியாதையான பதில் வந்தது. அந்த ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு இப்போதைக்கு எங்களிடம் திட்டமில்லை, அதைக் கேட்பவர்கள் மிகவும் குறைவு. நானே எத்தனையோ பேரிடம் சொன்ன வாக்கியம் அது. தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது சும்மா இல்லை. அந்தப் பதிலை மேசைமேல் கவிழ்த்துப் போட்டேன். அன்றைக்கு வேறு வேலையே ஓடவில்லை.

பிறகு கந்தசாமி சாரிடம் போய் நின்றேன். ஞானராஜின் பழைய மெஷின் மட்டும் அப்படியே இருக்கட்டும், டாஸில் பெயரைப் பதியும் பகுதியை மட்டும் புதிய அமைப்போடு நான் இணைத்துத் தருகிறேன், வேலை நேரத்துக்கு வெளியில் செய்கிறேன் என்றேன். "செய். ஆனா பரீட்ச ஒண்ணுதான்" என்றார்.

எழுதினேன். ஓடியது. டாஸ் மெஷினில் பெயரை அடித்தால் விண்டோஸ் மெஷினில் தெரிந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மறுநாள் நான் கீபோர்டில் உட்கார்ந்தேன், கந்தசாமி சார் சுவரோரம் குந்தினார். முதல் பிடுங்கல், ஒன்றும் ஆகவில்லை. அடுத்ததும் அப்படியே. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பிடுங்கலில், மெஷின் எழுந்ததும் பெயர்ப் பட்டியல் ஒழுங்காகத்தான் இருந்தது. சார் ஒவ்வொரு நோயாளியாகத் திறந்து பார்க்கச் சொன்னார். ஒரு நோயாளியின் நம்பரைத் திறந்தால் இன்னொருவரின் வைத்தியக் குறிப்பு வந்து நின்றது. பழைய சிஸ்டமும் புதிய சிஸ்டமும் ஒரே கோப்பில் எழுதும்போது, ஒன்று பூட்டிய கதவு மற்றதற்குத் தெரியாமல் போயிருந்தது. நாங்கள் பரீட்சைக்காகப் போட்ட போலி நோயாளிகள்தான். அதில் ஒருவருக்குப் பெனிசிலின் ஒவ்வாது என்று நானே விளையாட்டாக எழுதியிருந்தேன். அந்த எச்சரிக்கை இப்போது வேறு ஆளின் பெயரில் இருந்தது.

சரிசெய்தேன். திரும்பப் பிடுங்கினோம். கோளாறு சில நாள் வரும், சில நாள் வராது. அந்த மாதிரிக் கோளாறுதான் மகா மோசம். கடைசியில் கந்தசாமி சார் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இத நான் வெளிய உடமாட்டேம்மா."

"தெரியுதுங்க சார்."

"நானும் கூட வரட்டுமா?" என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. வேண்டாம் என்றேன். அது என் ஆஸ்பத்திரி, என் ஊர்.

கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் சொல்ல வேண்டியதை மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டு போனேன். மேலே ஒரே மூடுபனி. காலை நோயாளிகள் போய் முடிந்தபின் ஞானராஜின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், பெட்டிக்காரர்களின் பதில், நான் எழுதியது, அது தோற்றது எல்லாம். பெனிசிலின் விஷயம் வந்தபோதுதான் வாய் திறந்தார்.

"அப்ப அது வேண்டாங்க்கா. நம்மாள யாருக்காச்சும் ஊசி மாறிப்போச்சுன்னா, அந்தப் பாவம் நொம்பப் பெருசுங்க."

சண்டை போடுவார், அழுவார் என்று தயாராகப் போயிருந்தவளுக்கு அந்தப் பதிலைத் தாங்கத்தான் தெம்பில்லை. பிறகு, "ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றார். "என்னையாட்ட எத்தன பேரு இருந்தா உங்க கம்பெனிக்குக் கட்டுபடியாகுங்க?"

அவரிடம் பொய் சொல்ல வரவில்லை. "ஒரு பத்து ஆஸ்பத்திரியாவது கேட்டா, தனியா ஆள் போட்டு ஒழுங்காச் செய்யலாங்க."

"பத்து ஆஸ்பத்திரி." சிரித்தார். "ஒவ்வொண்ணுலயும் ஒரு குருடன வேலைக்கு வெக்கச் சொல்லோணுமாட்டருக்குது. சிஸ்டர் ஒருத்தங்க வெச்சதுக்கே ஊரு சிரிச்சுதுங்க."

சிஸ்டர் பெனிட்டா அழுதார். ஞானராஜை விட்டுவிட மாட்டோம், வேறு ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் என்றார். மனதாரத்தான் சொன்னார். காத்திருக்கும் கூடத்தில் நோயாளிகளை வரிசைப்படுத்திக் கூப்பிடும் வேலை கொடுத்தார். அடுத்த வருஷம் சிஸ்டருக்கு மாற்றல் வந்தது. பின்னால் வந்த நிர்வாகத்துக்கு, வரிசைக்கு ஒரு ஆள் சம்பளத்துக்கு எதற்கு என்று தோன்றியது. ஞானராஜ் கிளியூருக்குத் திரும்பினார். பதிவு நாற்காலியில் பிலோமினா என்ற பெண்ணை வைத்தார்கள். கரடியூரில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் காய் லாரியில் போய் மலைப்பாதை வளைவில் செத்துப்போக, இரண்டு பிள்ளைகளோடு நின்றவள். அவளுக்கு வேலை சொல்லிக் கொடுத்தது நான்தான். சீக்கிரம் கற்றுக்கொண்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் வராதா என்று பார்த்தேன், வரவில்லை.

கந்தசாமி சார் முடிவு தப்பு என்று அன்றும் எனக்குத் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. பெட்டி செய்தவர்களும் தங்கள் கணக்கில் சரிதான். ஆஸ்பத்திரியும் சரிதான். யாராவது ஒருவர் அயோக்கியராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், விண்டோஸ் திரையை வாசித்துப் பேசும் சாஃப்ட்வேர் ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். தனிப் பெட்டி வேண்டாம், கம்ப்யூட்டரே பேசும். சென்னையில் பார்வையற்றோர் சங்கம் ஒன்றின் மூலம் வரவழைத்து, எங்கள் சாஃப்ட்வேரோடு ஓட்டிப் பார்த்தோம். கந்தசாமி சார் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்து, காதால் மட்டும் கேட்டு ஒரு நோயாளியைப் பதிந்தார். தப்பும் தவறுமாகத்தான். பிறகு நான் சுவரோரம் போனேன், பிடுங்கினேன், திரும்பத் திரும்பப் பிடுங்கினேன். ஒரு எழுத்து கெடவில்லை. "போய்ச் சொல்லும்மா, ஓடுதுன்னு சொல்லு" என்றார். அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். பழைய ஆள், நல்ல ஆள், வந்தால் அதே வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அங்கிருந்து கிளியூருக்கு ஓடாத குறையாகப் போனேன். ஞானராஜ் வீட்டு வாசலில் உட்கார்ந்து நாற்காலிக்கு ஒயர் பின்னிக்கொண்டிருந்தார். சுற்றுலாக் காட்டேஜ்காரர்கள் அவரிடம்தான் நாற்காலி கொடுப்பார்களாம். அந்தச் சாஃப்ட்வேர் இருந்த டிஸ்கை அவர் கையில் கொடுத்து எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் மனைவி அடுப்பு வேலையை விட்டுவிட்டுக் கதவருகே வந்து நின்றாள். ஞானராஜ் டிஸ்கை விரலால் சுற்றிச் சுற்றித் தடவினார்.

"ஆஸ்பத்திரியில அந்த எடம் ஒண்ணுதானுங்களே, அக்கா. பிலோமினா எங்கீங்க போகும்?"

நான் அதை யோசிக்கவே இல்லை. ஆஸ்பத்திரியிலும் நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "அதுக்கு வேற ஏதாவது பாத்துக்குவாங்க, ஞானராஜ்."

"எனக்கும் அப்பிடித்தானுங்க சொன்னாங்க."

கதவருகே நின்ற மனைவி உள்ளே போய்விட்டாள். அவர் டிஸ்கை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.